இலாபம் ஏறாத மலைச்சாலை

போட்டி பெருகினால் பயணிக்கு நன்மை என்று 1979ஆம் ஆண்டில் நமக்குச் சொல்லப்பட்டது. உடப்புசல்லாவைக்குப் போட்டி புதியதன்று. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இரண்டரை அடித் தண்டவாளத்தில் ஓடிய உடப்புசல்லாவைப் புகைவண்டி, மோட்டார் வண்டிகளுக்கு ஈடுகொடுக்க இயலாமல் 1940களில் மறைந்தது. இராகலையோடு நின்றுவிட்ட அந்த வண்டி, தான் பெயர் தாங்கிய ஊரை ஒருநாளும் கண்டதில்லை!

வென்ற மோட்டார் முதலாளிகளோ தமக்குள்ளேயே முட்டிக்கொண்டனர். பயணிகளைப் பிடிக்க வீதியிலே கைகலப்பும் நடந்தது. 1942ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வீதியை ஒரு கம்பனிக்குத் தனியுரிமையாக்கியது. சண்டை அடங்கிற்று, பயணியின் குறை அடங்கவில்லை. 1958 ஜனவரி முதலாந் திகதி பண்டாரநாயக்கா அரசு பஸ் சேவையைத் தேசியமயமாக்கி, இலங்கைப் போக்குவரத்துச் சபையை அமைத்தது.

அச்சபையின் உயிர் அதன் கணக்கில் இருந்தது. சனம் நிறைந்த பெருவீதியின் வருவாய், ஆள் குறைந்த தோட்டத்து வீதியின் நட்டத்தைத் தாங்கும். ஊழலும் அரசியல் நியமனமும் அங்கே இருந்தன என்பதை மறைப்பதற்கில்லை. எனினும், லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் கர்ப்பிணி இலாபம் தருவாளா என்று அந்தக் கணக்கு கேட்கவில்லை.

1978இல் சபை ஒன்பது பிராந்தியச் சபைகளாகப் பிரிக்கப்பட்டது. மறு ஆண்டு தனியார் வண்டிகளுக்கு வீதி திறந்தது. தனியார் வண்டி ஆள் நிறைந்தால் புறப்படும். சனம் கூடும் வேளையையும் நல்ல வீதியையும் நாடும். அன்றாட வசூலையே நம்பிய சாரதியும் நடத்துனரும் வேறென் செய்வர்? டிப்போவுக்கு எஞ்சியவை விடியற்காலை ஓட்டமும், இரவுப் பயணமும், தோட்டத்துக் குழிப்பாதையும், சீசன் சீட்டுப் பிள்ளைகளுமே. வருவாய் சுருங்கவே டிப்போவும் போட்டியாளனின் பாடத்தையே படித்தது: நட்டமான ஓட்டங்களைக் குறைத்தது, பழைய வண்டிகளை ஒட்டுப்போட்டு ஓட்டியது.

1990களின் தொடக்கத்தில் டிப்போக்கள் தனித்தனிக் கம்பனிகளாயின. ‘மக்கள்மயம்’ என்பது அதற்கு இட்ட பெயர். பங்குகளில் ஒரு பகுதி ஊழியருக்கு இலவசமாகக் கிடைத்தது. புது வண்டி வாங்கப் பணம் கிடைக்கவில்லை. பின்னர் அவை பிராந்தியக் கம்பனிகளாகத் திரட்டப்பட்டன. 2005ஆம் ஆண்டுச் சட்டம் மீண்டும் ஒரே சபையாக்கியது. பெயர்ப்பலகை எழுதுவோனுக்கு மட்டும் அக்காலத்தில் வேலை குறையவில்லை.

இதை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். தோட்டப் பாடசாலையில் கீழ்வகுப்பு முடித்த பிள்ளைக்கு உயர்வகுப்பு பெரும்பாலும் தொலைவிலுள்ள நகரத்தில்தான். காலை வண்டி வராத நாளில் அவள் மைல்கணக்கில் நடப்பாள், அல்லது வீட்டில் நிற்பாள்; நின்ற நாட்கள் கூடினால் கொழுந்துக்கூடை தலையில் ஏறும். இன்று ‘சிசு சேரிய’ என்னும் மாணவர் சேவைக்காக அரசு, தனியார் வண்டிகளுக்கும் மானியம் தருகிறது. போட்டி தானாக ஏறாத மேட்டில் அதை ஏற்றுவதற்கும் பொதுப்பணமே செலவாகிறது.