சிபில் தார்ண்டைக்: ஒரு குரலின் வரலாறு

கை சோர்ந்தபோது குரலைத் துணையாகக் கொண்டு எழுந்த ஒரு கலைஞரின் வாழ்வை இன்று நாம் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் பகுதியைச் சேர்ந்த கெயின்ஸ்பரோ என்னும் ஊரில், 1882ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் பிறந்தவர் சிபில் தார்ண்டைக். தந்தையார் கிறித்தவ மதகுரு. ராச்செஸ்டர் நகரப் பேராலயத்தில் பணி புரிந்தவர். சிபில் இளமையில் விரும்பியது இசையையே. லண்டனில் கில்டுஹால் இசைப்பள்ளியில் பியானோ பயின்றார். ஆனால் மணிக்கட்டில் உண்டான நோவு அவ்விருப்பத்தைக் குலைத்தது. மனம் முறிந்து வீட்டில் அமராமல், அவர் நாடகத்தை நாடினார்.

1904இல் பென் கிரீட் என்பாரின் குழுவில் சேர்ந்து அமெரிக்கா சென்றார். ஊர் ஊராகச் சுற்றிய அக்குழுவில் நூற்றுக்கு மேற்பட்ட வேடங்களை ஏற்றார். ஓயாத உழைப்பால் அங்கே குரலும் கெட்டது. சில வாரங்கள் வாய் திறவாது மௌனம் காக்க வேண்டியதாயிற்று. முன்பு கை போயிற்று. இப்போது குரலும் போய்விடுமோ என்ற அச்சம். நல்வினைப்பயனாகக் குரல் மீண்டது. 1908இல் லூயிஸ் காசன் என்ற நடிகரை மணந்தார். அறுபதாண்டு நீடித்த அவ்வில்லறம், நாடகத் துறையிலும் ஒரு கூட்டுறவாக விளங்கிற்று.

1914இல் முதல் உலகப்போர் மூண்டது. ஆடவர் பலர் போர்முனைக்குச் சென்றனர், காசனும் சென்றார். லண்டனில் லிலியன் பெய்லிஸ் அம்மையார் நடத்திய ஓல்டு விக் அரங்கில், எளிய மக்கள் குறைந்த கட்டணத்தில் ஷேக்ஸ்பியர் நாடகங்களைக் கண்டு வந்தனர். ஆண் நடிகர்களுக்குப் பஞ்சம் ஏற்படவே, இளவரசன் ஹால், லியர் மன்னனின் விதூடகன் முதலிய ஆண் வேடங்களையும் சிபிலே தாங்கினார். 1917இல் அவருடைய தம்பி ஒருவர் போரில் மாண்டார். தந்தையாரும் அவ்வாண்டிலேயே காலமானார்.

இத்துயரங்களுக்குப் பின்னரே, 1919இலும் 1920இலும் அவர் யூரிபிடீஸ் இயற்றிய 'டிராய் நகரப் பெண்கள்' நாடகத்தில் ஹெக்யூபாவாக நடித்தார். நகரும் மக்களும் அழிந்தபின் எஞ்சி நிற்கும் முதிய அரசி அவள். கி.மு. 415இல் ஏதென்சில் அரங்கேறிய அந்நாடகம், பேராசிரியர் கில்பர்ட் மர்ரேயின் ஆங்கில மொழிபெயர்ப்பில் நடைபெற்றது. மைந்தரையும் உடன்பிறந்தாரையும் போரில் இழந்தோர் நிறைந்திருந்த நகரம் அன்றைய லண்டன். மொழிபெயர்ப்பையே நாள்தொழிலாகக் கொண்ட நாம் இவ்விடத்தில் சற்று நிற்கிறோம். ஒரு மொழியின் சொல்லை மறுமொழியில் வைக்கும்போது பொருள் வந்து சேர்ந்தாலும் உயிர் வந்ததோ என்னும் ஐயம் நம்மை விடுவதில்லை. அன்று அவ்வுயிரை நல்கியது, துயரை அறிந்த ஒரு தொண்டை.

1922இல் ஷெல்லியின் 'சென்சி' நாடகத்தில் அவர் நடித்ததைக் கண்ட பெர்னார்டு ஷா, தாம் எழுத எண்ணிய ஜோனை அவரிடம் கண்டார். 1924 மார்ச்சு 26ஆம் நாள் லண்டனில் 'செயின்ட் ஜோன்' அரங்கேறியது. பத்தொன்பது வயதில் எரியூட்டப்பட்ட பிரெஞ்சுக் கன்னியாக, நாற்பத்தொரு வயதுத் தாய் ஒருவர் நின்றார். வயதை எவரும் எண்ணவில்லை. 1931இல் 'டேம்' என்னும் விருது அவரை அடைந்தது.

வெள்ளித்திரையிலும் அவர் தோன்றினார். 1928இல் வெளிவந்த 'டான்' என்னும் ஊமைப்படத்தில், 1915இல் ஜெர்மானியரால் சுட்டுக் கொல்லப்பட்ட ஆங்கிலச் செவிலி எடித் கேவலாக நடித்தார். ஜெர்மனியின் நட்பு கெடுமென அஞ்சி வெளியுறவு அமைச்சரே அப்படத்தை எதிர்த்தார். தணிக்கையாளர் அனுமதி மறுத்தனர். எனினும் லண்டன் மாவட்ட மன்றம் இசைவளித்தது. 1957இல் வந்த 'இளவரசனும் ஆடற்கன்னியும்' படத்தில் மர்லின் மன்றோவுடன் நடித்தார். எனினும் அவருடைய தாயகம் மேடையே.

இரண்டாம் உலகப்போரில் லண்டன் மீது குண்டுகள் விழுந்தன. 1941இல் ஓல்டு விக் அரங்கமும் சேதமுற்றது. சிபிலும் காசனும் வேல்சு நாட்டு நிலக்கரிச் சுரங்க ஊர்களை நோக்கிப் புறப்பட்டனர். தொழிலாளர் மன்றங்களிலும் சிறு கூடங்களிலும் 'மாக்பெத்', 'மெதேயா' ஆகியவற்றை நடத்தினர். பிறந்த நாட்டைத் துறந்து வந்து, அயல்மண்ணில் கைவிடப்பட்டு நிற்பவள் மெதேயா. கிரேக்கரின் கதை, ஆங்கில மொழியில், வெல்ஷ் மொழியை வீட்டு மொழியாகக் கொண்ட பலரிடையே ஒலித்தது. சுரங்கத்தினின்று மேலேறி வந்த மக்கள் அதனைத் தம் முன்னே கண்டனர். உயர்ந்த கலை தலைநகரத்துச் செல்வர்க்கே உரியது என்னும் கொள்கைக்கு இதனினும் வலிய மறுப்பு வேண்டுமோ?

1950களின் இடைப்பகுதியில் தம்பதியர் இருவரும் கவிதைகளையும் நாடகப் பகுதிகளையும் மேடையில் ஓதியவாறு ஆஸ்திரேலியாவிலும் இந்தியாவிலும் பயணம் செய்தனர். காட்சித்திரையோ பெருங்குழுவோ உடன் வரவில்லை. இரு முதியவரின் குரலே மூலதனம். 1969இல் காசன் மறைந்தார். 1976 ஜூன் 9ஆம் நாள் சிபிலும் மறைந்தார். அவருடைய சாம்பல் வெஸ்ட்மினிஸ்டர் மடாலயத்தில் வைக்கப்பெற்றது.

தாய்மொழி வழங்காத ஊர்களில் வாழும் நமக்கு, நம் சொல் பிறர் நெஞ்சில் சென்று சேருமோ என்ற தயக்கம் அவ்வப்போது எழுவதுண்டு. தயங்கியிருந்தால் மெதேயா சுரங்க ஊரை எட்டியிராள். சொல்லை உள்ளத்தால் உணர்ந்து உரைப்பார்க்கு மொழியின் எல்லை தடையாவதில்லை என்பதை இவ்வம்மையாரின் வாழ்வு நமக்குக் காட்டுகிறது.