சுவரொட்டி யாருக்கு?

கொல்லிமலையில் வாசலூர்பட்டி படகு இல்லத்துக்குப் போகிற சாலையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தால், ஏரி கண்ணில் படுவதற்கு முன்பே புகை மூக்கில் ஏறிவிடும். நெடுக்காகப் பிளந்த இரும்பு டிரம், அதன்மேல் கம்பி வலை, வலையில் சிவப்பு மசாலா பூசிய கோழிக்கால்கள். அட்டையால் விசிறிக்கொண்டே "வாங்க சார், சூடா இருக்கு" என்பார்கள். நானும் போய் உட்காருவேன். கறி நன்றாகவே இருக்கும். இந்த மாதிரிக் கடைகளில் 'பாரம்பரிய பார்பிக்யூ' என்று பலகை எழுதி வைக்கிறார்களே, அதில்தான் எனக்கு வழக்கு. பார்பிக்யூ சரி. பாரம்பரியம் யாருடையது?

இதைக் கேட்க எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. அப்பா சேந்தமங்கலத்தில் கறிக்கடை வைத்திருந்தார். நான் கத்தியைத் தொடாமல் தமிழ் வாத்தியாராகி, கொல்லிமலையில் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தேன். கறியும் தீயும் எங்கே சேரும், எங்கே பிரியும் என்பதை அப்பாவின் கடையில் பார்த்தேன். பிறகு மலையில் பார்த்தேன்.

எங்கள் பக்கத்தில் தீயின் முதல் வேலை சமைப்பதல்ல, வாட்டுவது. நாட்டுக்கோழியை இறகு பிடுங்கியதும் அப்படியே அறுக்க மாட்டார்கள். வைக்கோலையோ காய்ந்த தென்னை ஓலையையோ கொளுத்தி, காலைப் பிடித்துக்கொண்டு தீயில் இப்படியும் அப்படியும் காட்டி எடுப்பார்கள். மிச்சமிருக்கும் பூமுடி கருகும், தோல் இறுகும், கொழுப்பு லேசாகக் கசியும். பிறகு மஞ்சள் தேய்த்துக் கழுவி இன்னொரு வாட்டு. வைக்கோல் தீதான் இதற்கு ஏற்றது. குப்பென்று எரிந்து அடங்கிவிடும். தோலைத் தொடும், உள்ளே இருக்கும் கறியை வேகவிடாது. விறகுத் தீயில் வாட்டினால் ஒரு பக்கம் கரியும், மறு பக்கம் பச்சையாக நிற்கும். "தீயிலே காட்டு, தீயிலே வைக்காதே" என்பார் அப்பா. மஞ்சளுக்குப் பஞ்சமில்லை. நாமகிரிப்பேட்டையிலும் ராசிபுரத்திலும் மஞ்சள் ஏலமே நடக்கிற சீமை இது.

வெள்ளாட்டையும் இப்படித் தோலோடு வாட்டுவதுண்டு. வாட்டின கறியின் ருசி தெரிந்தவன் உரித்த கறியைக் கையால் தொடமாட்டான் என்று பெருமை பேசுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அப்படியானால் கடைகளில் ஏன் எல்லா ஆடும் உரித்தே தொங்குகிறது? தோலுக்கு விலை வந்ததுதான் காரணம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, திண்டுக்கல், ஈரோடு என்று தோல் பதனிடும் ஊர்கள் பெருத்த பிறகு, ஆட்டுத்தோல் கறிக்கடைக்காரனின் லாபக் கணக்கில் ஏறிவிட்டது. வாட்டினால் தோல் வாடிக்கையாளர் வயிற்றுக்குப் போகும். உரித்தால் வாரம் ஒருமுறை சைக்கிளில் வரும் தோல் வியாபாரியிடம் காசாகும். அப்பா உப்புப் போட்டு மடித்து வைத்த தோல்கள் கடையின் பின்கட்டில் அடுக்கியிருக்கும். ஆக, வாட்டின ஆடு கடையை விட்டுப் போய், கோயில் கிடாவெட்டிலும் வீட்டு விசேஷத்திலும் மட்டும் தங்கிவிட்டது. கடையில் தீ மிஞ்சியது தலைக்கும் காலுக்கும்தான். அதையும் எங்கள் தெருவில் கொல்லுப்பட்டறைக்குக் கொடுத்து அனுப்புவார்கள். உலைத் துருத்தியின் வாயில் ஆட்டுத்தலை பொசுங்கும் நாற்றம் தெரு முழுக்க அடிக்கும். இப்போது கேஸ் பர்னர் வந்துவிட்டது. நிமிஷத்தில் வேலை முடிகிறது.

வாட்டுவது ஒன்று, சுடுவது இன்னொன்று. சுட்டுத் தின்ற கறி எங்களுக்கும் உண்டு. ஆனால் அது சாப்பாடு அல்ல, கூலிக்கும் மேலே கிடைக்கிற கொசுறு. ஆட்டை அறுத்தவுடன் ஈரல் துண்டும் சுவரொட்டியும் முதலில் வெளியே வரும். சுவரொட்டி என்பது மண்ணீரல். சிவப்பாக, தட்டையாக, கையில் ஒட்டிக்கொள்ளும். அதைப் பழைய குடைக்கம்பியில் குத்தி, உப்பும் மிளகும் தடவி, தணலில் காட்டினால் உப்பி வெடிக்கும். வெடித்தால் வெந்தது என்று அர்த்தம். ரத்தம் ஊறும் என்று சொல்லிப் பிள்ளைகளுக்கும், சோகை பிடித்த பெண்களுக்கும், பிள்ளை பெற்றவளுக்கும் கொடுப்பார்கள். ஒரு ஆட்டுக்கு ஒரே ஒரு சுவரொட்டிதான். அது யாருக்கு என்பதில் எங்கள் வீட்டில் நடந்த சண்டைகளைத் தனியாக எழுதலாம். பெரும்பாலும் சின்ன அக்காவே ஜெயித்தாள்.

மலைக்குப் போன பிறகு, இங்கே ஆட்டையே முழுசாகச் சுடுவார்களோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கொல்லிமலை என்றால் வில், வேட்டை, தீ என்றுதானே புத்தகத்தில் படித்திருக்கிறோம். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு என்று நாடு நாடாகப் பிரிந்து கிடக்கும் மலையாளிக் கவுண்டர்களின் ஊர்களில் கோயில் விருந்துக்குக் கூப்பிட்டால் நான் போகாமல் இருந்ததில்லை. (மலையாளி என்றால் கேரளத்தவர் அல்ல, மலையை ஆள்கிறவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள் என்பது அவர்கள் சொல்லும் பூர்வ கதை.) அங்கே பார்த்தது வேறு. கிடாவை வாட்டினார்கள், மஞ்சள் பூசினார்கள், பிள்ளைகளுக்கு ஈரலைத் தணலில் போட்டுக் கொடுத்தார்கள். மற்ற கறி முழுக்கப் பெரிய அண்டாவில் தண்ணீருக்குள் போனது. பக்கத்தில் சாமைச் சோறு மலையாகக் குவிந்திருந்தது.

அந்த விருந்தொன்றில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம், "ஏனுங்கய்யா, இவ்வளவு தணல் இருக்கே, தொடையைச் சுட்டால் என்ன?" என்று கேட்டேன்.

"சுட்டா உனக்கும் எனக்கும் ஆச்சு வாத்தியாரே, ஊருக்கு என்ன பண்ணுவ?" என்றார்.

அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. கறிக்கடைக்காரர் மகனுக்கு அந்தக் கணக்கு தெரியும். சுடும்போது கொழுப்பும் நீரும் தீயில் சொட்டிப் போகும், எடை குறையும். ஒரு கிடா, ஊரில் இருக்கிற அத்தனை குடும்பம். தண்ணீரில் வேகவைத்தால் எலும்பின் சாறு வரைக்கும் சோற்றில் இறங்கும். துண்டு கிடைக்காதவனுக்கும் ருசி கிடைக்கும். போதாததற்கு, சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா இளங்குட்டி அல்ல. மலைச்சரிவில் ஏறி இறங்கி முறுக்கேறிய கால். அதைத் தணலில் போட்டால் பல்தான் போகும். தாராளமாகக் கறி கிடைக்கிற இடத்தில், அதுவும் இளங்கறி கிடைக்கிற இடத்தில்தான் சுட்டகறி விருந்தாகும். அர்ஜென்டினாவிலும் டெக்சாஸிலும் மாடு மலிந்த புல்வெளிகளில் அது விருந்தானது அப்படித்தான்.

பள்ளிக்குத் திரும்பிப் புறநானூற்றை எடுத்தேன். வன்பரணர் என்ற ஒரே புலவர் இரண்டு வேட்டுவர்களிடம் கறி சாப்பிட்ட கதை அதில் இருக்கிறது. 150ஆம் பாட்டில், நைந்த உடையும் பசியுமாக ஒரு பலாமரத்தடியில் சோர்ந்து உட்கார்ந்திருக்கிறார். மான்கூட்டத்தை வீழ்த்திவிட்டு வந்த ஒருவன் அவரைப் பார்க்கிறான். தன் ஆட்கள் வந்து சேர்வதற்குள், கட்டையைக் கடைந்து தீ உண்டாக்கி, கறியை அவசரமாகச் சுட்டுக் கொடுத்து, சுற்றத்தோடு தின்னச் சொல்கிறான். கழுத்து மாலையையும் கைக்கடகத்தையும் கழற்றித் தருகிறான், பேர் சொல்லவில்லை. அவன் தோட்டிமலை நள்ளி என்று பிற்பாடு மற்றவர்கள் சொல்லித்தான் இவருக்குத் தெரிகிறது. 152ஆம் பாட்டு நம் மலையைப் பற்றியது. ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி எல்லாவற்றையும் துளைத்துக் கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைக்கிறதே, அந்தப் பாட்டு. புலவர் கூட்டம் பாடி முடிக்க, தன்னைப் புகழ்வது கேட்டு அந்த வேட்டுவன் கூச்சப்படுகிறான். அவன்தான் வல்வில் ஓரி என்பது உரைகாரர் முடிபு. அவன் கொடுத்தது மான்கறி, மது, மலையில் பிறந்த பொன். அந்த மான்கறி சுட்டதல்ல; கொழுப்போடு வேகவைத்தது.

பாடம் நடத்திய இத்தனை வருஷமும் அம்பையே பார்த்துக்கொண்டு நின்றோம். இலையில் விழுந்த கறியை யாரும் பார்க்கவில்லை. ஒருவன் பசியில் சாகக் கிடக்கிறபோது சுடுகிறார்கள். கூட்டமாக வந்து பாடியவர்களுக்கு அவித்துப் போடுகிறார்கள். இதை வைத்துச் சட்டம் போட முடியாது என்பதும் தெரியும். பொருநராற்றுப்படையில் கரிகாலன் வீட்டில் வேகவைத்த தொடையும் கிடைக்கிறது, கம்பியில் கோத்துச் சுட்டதும் கிடைக்கிறது. வாய்ச்சூடு தாங்காமல் இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் மாற்றி மாற்றித் தின்று பல்லே தேய்ந்துபோகிறது. ஆனால் அவன் காவிரிக்கரைச் சோழன். அவனுக்கு ஆட்டுக் கணக்கு கிடையாது.

மலையில் தின்னவே கூடாத ஒன்றும் உண்டு. வளப்பூர் நாட்டு அறப்பளீசுவரர் கோயிலை ஒட்டி ஓடும் ஐயாற்று மீன். அதே ஆறுதான் சற்றுத் தள்ளி ஆகாயகங்கையாக விழுகிறது. அந்த மீனைப் பிடித்து அறுத்துக் குழம்பு வைத்தபோது, துண்டுகள் பொருந்தி மறுபடி நீந்திப் போயின என்பது தலக் கதை. 'அறுத்த மீனைப் பொருத்திய' சாமி என்றே சொல்வார்கள். வருகிறவர்கள் மீனுக்குப் பொரி போடுகிறார்கள். அந்தக் கதையிலும் மீன் சட்டியில்தான் இருந்தது, தணலில் இல்லை. என் கட்சிக்கு இதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

கிடாவெட்டுக்கு இடையில் ஒரு தடங்கல் வந்தது. கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் சட்டம் 1950 முதலே ஏட்டில் இருந்தது. யாரும் எடுத்துப் பார்த்ததில்லை. 2003இல் அரசு திடீரென்று அதைக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொன்னது. ஊர் ஊராக எதிர்ப்பு கிளம்ப, 2004இல் சட்டத்தையே நீக்கிவிட்டார்கள். அந்த இடைவெளியில், நேர்ந்துவிட்ட கிடா காத்திருந்தது. சாமி கோபித்துக்கொள்ளும் என்று பயந்தவர்களை எனக்குத் தெரியும்.

இனி டிரம் அடுப்புக்கு வருவோம். அதன் வம்சாவளி வேறு திசையில் போகிறது. பெஷாவரில் தந்தூர் அடுப்போடு பழகிய குந்தன் லால் குஜ்ரால், 1947 பிரிவினைக்குப் பிறகு தில்லி தரியாகஞ்சில் மோதி மகால் தொடங்கினார். தயிரும் மசாலாவும் ஊறிய கோழியை உணவகப் பண்டமாக நாடு முழுக்கக் கொண்டுபோனதில் அந்தக் கடைக்குப் பெரிய பங்கு. நம் பக்கம் அது பெரிய ஓட்டல்களின் வழியாக மெல்ல இறங்கியது. பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் கோழிகள் வரிசையாகச் சுழலும் கிரில் சிக்கன், வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த ருசிகள், இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது பிராய்லர். அது இல்லாமல் இந்தத் தொழிலே இல்லை. சில வாரத்தில் வளரும் கறி, பல்லுக்கு இதமானது, தணலில் அரை மணி நேரத்தில் வேகும், விலைக்கும் கட்டும். நாட்டுக்கோழியை அந்த வலையில் போட்டால் வாடிக்கையாளர் ஏரியில் படகு ஓட்டிவிட்டு வந்தும் காத்திருக்க வேண்டியதுதான். மலையடிவாரத்தில் இருக்கும் நாமக்கல் முட்டைக் கோழிக்குப் பேர்போனது. முட்டை விடுவது குறைந்த கிழட்டுக் கோழிகள் மலிவாகக் கறிக்கு வரும். அவை குழம்புக்கு ஆகும், சுடுவதற்கு ஆகாது. மலைமேல் கூண்டு கூண்டாக ஏறுவது கறிக்கோழிதான்.

ஏறுவதற்கு வழி வேண்டுமே. காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். சாலைக்கு முன்பு மலைக்காரர்கள் தலைச்சுமையோடு அடிவாரச் சந்தைகளுக்கு இறங்கி ஏறினார்கள். உப்பும் துணியும்தான் முக்கியமாக மேலே போயிற்று. 1997இல் நாமக்கல் தனி மாவட்டமான பிறகு சுற்றுலாக் கூட்டம் என் கண்முன்னே பெருத்தது. ஆடி 17, 18இல் ஓரி விழா, ஆகாயகங்கை, வாசலூர்பட்டி ஏரியில் படகு. வந்தவனுக்குப் பசிக்கும். வந்தவன் குடும்பத்தோடு தனி மேசையில் உட்காருவான். அவனுக்கு அண்டாக் கறியில் பங்கு கொடுக்க முடியாது, தட்டுக் கணக்கில்தான் கொடுக்க முடியும். பெரியவர் அன்று சொன்ன 'உனக்கும் எனக்கும்' என்ற அளவு இவனுக்கு அப்படியே பொருந்திவிட்டது.

அந்தத் தட்டைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். கோழி கீழே இருந்து வந்தது. கரி, ராமநாதபுரம் சிவகங்கைப் பக்கம் சீமைக் கருவேலத்தைச் சுட்டு மூட்டை கட்டி அனுப்பியதாக இருக்கும். நிறத்துக்குக் காஷ்மீர் மிளகாய்த் தூள். பாக்கெட் தயிர். மலையினுடையது மேலே தூவுகிற மிளகு மட்டும். காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தைப் பிடித்து ஏறும் கொடியில் காய்த்தது. காரம் மெதுவாக ஏறி, தொண்டையில் நின்று பேசும். அதற்காகவே நான் அந்தக் கடைகளை மன்னிக்கிறேன். மிளகாய்த் தூளைப் பாதியாகக் குறைத்து மிளகைக் கூட்டச் சொன்னால் சில கடைக்காரர்கள் கேட்கிறார்கள்.

அதே சாலையில் தள்ளுவண்டியில் விற்கும் முடவாட்டுக்கால் சூப்பை மறந்துவிடாதீர்கள். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும், ரோமம் அடர்ந்த கிழங்கு. பார்த்தால் அசல் ஆட்டுக்கால். முட்டிவலிக்கு நல்லது என்று சொல்லி விற்கிறார்கள். சைவர்கள் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிறார்கள். மருத்துவம் எப்படியோ, குளிருக்கு இதமாக இருக்கிறது. மலையின் பழைய தீனிகளில் சுற்றுலாக்காரரிடம் நன்றாக விலைபோனது இந்தக் கிழங்குதான், கறி அல்ல.

போன முறை போனபோது கடை நடத்தும் பையன் என் பழைய மாணவன் என்று தெரிந்தது. பலகையைக் காட்டி, "இது எப்படிடா பாரம்பரியம்?" என்றேன். "சார், பாரம்பரியம்னு போடலைன்னா வண்டி நிக்காது" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "காலையிலேயே போன் பண்ணிச் சொல்லுங்க சார். எங்க அம்மா நாட்டுக்கோழியை வைக்கோல்ல வாட்டி மஞ்சள் போட்டுக் குழம்பு வைப்பாங்க. சாமைச் சோறும் உண்டு. அதைப் பலகையில எழுதறதில்லை, ஒரு நாளைக்கு ரெண்டு கோழிக்கு மேல முடியாது" என்றான். ஈரல் யாருக்கு என்று கேட்டேன். அவன் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து நாலரைக்கு வருவாளாம்; அதற்குள் வந்தால் எனக்குக் கிடைக்கலாம் என்றான்.