தோல்வி உறுதியென அறிந்தும் களம் புகுந்த பேராசிரியர்

வெற்றி பெறமாட்டார் என்று ஊரே அறிந்த ஒருவருக்கு வாக்களிப்பது அறிவுடைமை ஆகுமா? தேர்தல் வரும்போதெல்லாம் நம் இல்லங்களில் எழும் வினா இது. வாக்கை வீணாக்க வேண்டா என்பார் ஒருவர். இருவருள் கேடு குறைந்தவரைத் தேர்ந்தெடுப்போம் என்பார் மற்றொருவர். மனச்சான்று காட்டும் வழியில் நடப்போம் என்பார் மூன்றாமவர். சிறுபான்மையினராக வாழும் மக்களுக்கு இவ்வினா மேலும் கூர்மையானது. அவர்கள் கணிப்புத் தவறினால் வரும் இழப்பை முதலில் சுமப்பவர்களும் அவர்களே அல்லவா?

இவ்வினாவை வாழ்நாள் முழுவதும் எண்ணிப் பார்த்து, முடிவில் தாமே வேட்பாளராக நின்று விடை காண முயன்றார் ஒரு பேரறிஞர். அவர்தாம் அமெரிக்கக் கறுப்பின மக்களின் பெருந்தலைவருள் ஒருவராகிய டபிள்யூ. இ. பி. டூபாய்ஸ். 1950ஆம் ஆண்டு நவம்பரில், தம் 82ஆம் வயதில், நியூயார்க் மாநிலத்திலிருந்து அமெரிக்க செனட் சபைக்கு அவர் போட்டியிட்டார். அந்த வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

அறிஞரும் போராளியும்

டூபாய்ஸ் 1868 பிப்ரவரி 23 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிரேட் பாரிங்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அடிமை முறை சட்டப்படி ஒழிந்து அப்போது மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895ஆம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார். அங்கே அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. பின்னர் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார். பிலடெல்பியா நகரின் கறுப்பின மக்களைப் பற்றி 1899இல் அவர் வெளியிட்ட ஆய்வு சமூகவியலில் ஒரு முன்னோடி நூலாகும்.

ஏட்டுக் கல்வியோடு அவர் நின்றுவிடவில்லை. 1909இல் தோன்றிய கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தை நிறுவியவருள் அவரும் ஒருவர். அச்சங்கத்தின் ‘கிரைசிஸ்’ என்னும் திங்களிதழை 1910 முதல் 1934 வரை ஆசிரியராக இருந்து நடத்தினார். 1929இல் காந்தியடிகளின் செய்தியை வாங்கி அவ்விதழில் வெளியிட்டவரும் அவரே. நிறத்தால் ஒடுக்கப்பட்டோரின் துன்பத்தை ஆசிய, ஆப்பிரிக்க மக்களின் அடிமைத்தளையோடு ஒன்றாக வைத்துப் பார்த்த தொலைநோக்கினர் அவர்.

கேடு குறைந்தவர் தந்த பாடம்

இரு கேடுகள் எதிர்ப்படும்போது இலேசானதை ஏற்றுப் பெரியதைத் தவிர்த்தல் என்னும் விதியை நம் மார்க்கச் சட்ட அறிஞர்கள் வகுத்துள்ளனர். டூபாய்ஸும் தொடக்கத்தில் அத்தகைய கணக்கையே போட்டார். 1911இல் சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்த அவர், மறு ஆண்டே அதிலிருந்து விலகி, ஜனநாயகக் கட்சி வேட்பாளரான உட்ரோ வில்சனை ஆதரித்தார். வெல்லக்கூடியவரை ஆதரித்தால் தம் மக்களுக்கு ஏதேனும் நன்மை கிட்டும் என்பது அவர் எண்ணம். கறுப்பின மக்களுக்கு நீதி வழங்குவதாக வில்சனும் வாக்குறுதி அளித்திருந்தார்.

நடந்தது என்ன? வில்சன் பதவியேற்ற 1913ஆம் ஆண்டிலேயே அரசின் கருவூலத் துறையிலும் அஞ்சல் துறையிலும் கறுப்பின ஊழியர்கள் வெள்ளையரிடமிருந்து பிரித்து வைக்கப்பட்டனர். உண்ணும் இடமும் கழிப்பிடமும் வேறாயின. நம்பி அளித்த வாக்கே விலங்காக மாறியது. டூபாய்ஸ் அதனை மறக்கவே இல்லை.

36 ஆண்டுகளுக்குப் பின், 1948 குடியரசுத் தலைவர் தேர்தலில், அவர் வேறு வழி சென்றார். இரு பெருங்கட்சிகளையும் விடுத்து, முற்போக்குக் கட்சியின் ஹென்றி வாலஸை ஆதரித்தார். வாலஸ் தோற்றார். அவ்வாண்டே, தாம் வளர்த்த தேசியச் சங்கத்தின் பணியிலிருந்து டூபாய்ஸ் நீக்கப்பட்டார். சங்கத் தலைமையோடு அவருக்கு இருந்த பிணக்குகளுள் இவ்வாதரவும் ஒன்று.

மூன்றாம் கட்சியின் அழைப்பு

நியூயார்க்கில் அமெரிக்கத் தொழிற்கட்சி என்றொரு கட்சி இருந்தது. ஆடைத் தொழிற்சங்கத் தலைவர்கள் 1936இல் தொடங்கியது அது. ஒரே வேட்பாளர் பல கட்சிகளின் சார்பில் நிற்கவும், அவ்வாக்குகளை ஒன்றாகக் கூட்டவும் அம்மாநிலச் சட்டம் இடமளித்தது. எனவே, ஜனநாயகக் கட்சியின் ஊழல் தலைவர்களை வெறுத்த தொழிலாளர், ரூஸ்வெல்ட்டுக்குத் தம் கட்சியின் வரிசையிலேயே வாக்களிக்க முடிந்தது. 1944இல் கட்சி பிளவுற்றது. பிரிந்து சென்றோர் லிபரல் கட்சியை அமைத்தனர். இடதுசாரியினர் எஞ்சினர். ஆளுநர் தேர்தலில் 50,000 வாக்குகளேனும் பெற்றால்தான் ஒரு கட்சி வாக்குச்சீட்டில் தன் இடத்தைத் தக்கவைத்துக்கொள்ள இயலும். ஆகவே 1950ஆம் ஆண்டுத் தேர்தல் அக்கட்சிக்கு உயிர்ப் போராட்டமாக அமைந்தது.

அவ்வாண்டு உலகத்தையே அச்சம் சூழ்ந்திருந்தது. 1949 ஆகஸ்டில் சோவியத் நாடும் அணுகுண்டைச் சோதித்துவிட்டது. 1950 ஜூன் 25 அன்று கொரியப் போர் மூண்டது. அமெரிக்காவில் இடதுசாரி எனப் பெயர் பெற்றவர்கள் வேலையையும் நட்பையும் இழந்துகொண்டிருந்தனர். அவ்வேளையில், அணு ஆயுதத்தைத் தடை செய்யக் கோரும் ஸ்டாக்ஹோம் வேண்டுகோளுக்குக் கையொப்பம் திரட்டிய சமாதானத் தகவல் நிலையத்துக்கு டூபாய்ஸ் தலைமை தாங்கினார். ஜூலையில் வெளிநாட்டுச் செயலாளர் டீன் ஆச்சிசன் அவ்வேண்டுகோளைச் சோவியத் சூழ்ச்சி எனப் பழித்தார். ஆகஸ்டில், அந்நிலையம் அயல்நாட்டு முகவராகத் தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று நீதித் துறை ஆணையிட்டது.

சமாதான மாநாட்டின் பொருட்டு ஐரோப்பா சென்றிருந்த டூபாய்ஸுக்குத் தொழிற்கட்சியின் அழைப்பு அங்கே எட்டியது. வெற்றிக்கு வழியே இல்லை என்பதையும், ஏளனமோ சிறையோதான் பரிசாகக் கிட்டும் என்பதையும் தாம் அறிந்தே இசைந்ததாக அவர் பின்னர் எழுதினார். ஆயினும் மக்களிடம் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று தம்மிடம் இருந்தது. அதைச் சொல்ல வேறு மேடை அவருக்கு இல்லை. வேட்பாளர் என்னும் நிலை அவருக்குக் கூட்ட அரங்கையும் வானொலியையும் திறந்துவிட்டது.

நல்லவரை எதிர்த்து ஒரு போட்டி

அவருக்கு எதிரே நின்றவர் தீயவராக இருந்திருப்பின் இக்கதை எளிதாகியிருக்கும். ஜனநாயகக் கட்சியின் ஹெர்பர்ட் லேமன் நாடறிந்த நல்லவர். நியூயார்க்கின் முன்னாள் ஆளுநர். சிவில் உரிமைகளை ஆதரித்தவர். இடதுசாரிகளை ஒடுக்க 1950 செப்டம்பரில் வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த ஏழெட்டு செனட்டர்களுள் அவரும் ஒருவர். அத்தகையவருக்குச் சேர வேண்டிய வாக்கைப் பிரிக்கலாமா என்று கறுப்பினத் தலைவர் பலர் வினவியதில் நியாயம் இல்லாமல் இல்லை.

டூபாய்ஸின் விடை வேறாக இருந்தது. போரும் அணுகுண்டும் பற்றிய கேள்வியில் இரு பெருங்கட்சிகளும் ஒன்றாகவே நின்றன. அதில் மாற்றுக் கருத்துடைய குடிமகன் எங்கே சென்று வாக்களிப்பது? படைக்கலங்களுக்குச் செலவிடும் பணம் பள்ளிக்கும் வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் உரியது. வெளிநாட்டில் போரும் உள்நாட்டில் நிறவெறியும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. இவ்வுண்மையை அவர் நகர்தோறும் எடுத்துரைத்தார். முதுமையைக் காரணம் காட்டாமல் பத்து மேடைகளில் பேசினார். ஏழு முறை வானொலியில் உரையாற்றினார். கூச்சலும் கண்ணீரும் அவர் பேச்சில் இல்லை. வகுப்பறையில் பாடம் நடத்தும் பேராசிரியரின் நிதானமே இருந்தது.

அவர் போட்டியிட்டதற்கு மற்றொரு பொருளும் உண்டு. செனட் சபையில் கடைசியாக அமர்ந்த கறுப்பினத்தவர் மிசிசிப்பியின் பிளான்ச் புரூஸ். அவர் பதவிக்காலம் 1881இல் முடிந்தது. அதன்பின் 69 ஆண்டுகளாக அச்சபையில் ஒரு கறுப்பு முகமும் இல்லை. அந்தப் பழைய காலத்தின் வரலாற்றை 1935இல் பெருநூலாக எழுதியவர் டூபாய்ஸ். தாம் எழுதிய வரலாற்றின் அறுந்த இழையைத் தம் கையாலேயே மீண்டும் பற்ற முயன்றார் எனலாம்.

வாக்கும் விலங்கும்

நவம்பர் 7 அன்று தேர்தல் நடந்தது. லேமன் எளிதாக வென்றார். டூபாய்ஸுக்கு ஏறத்தாழ 2,06,000 வாக்குகள் கிடைத்தன. அது பதிவான வாக்குகளில் நூற்றுக்கு நான்கு பங்கு. கறுப்பின மக்கள் செறிந்த ஹார்லம் பகுதியில் அவ்விகிதம் மிகுதியாக இருந்தது. அதே தேர்தலில் தொழிற்கட்சியின் ஒரே காங்கிரஸ் உறுப்பினர் வீட்டோ மார்க்கண்டோனியோவும் தோற்றார். அவரை வீழ்த்த ஜனநாயக, குடியரசு, லிபரல் கட்சிகள் மூன்றும் ஒரே வேட்பாளரை நிறுத்தியிருந்தன. தேர்தல் முடிந்து மூன்று வாரங்கள் சென்றபின், நவம்பர் 30 அன்று, கொரியாவில் அணுகுண்டைப் பயன்படுத்துவது குறித்தும் கருதி வருவதாகக் குடியரசுத் தலைவர் ட்ரூமன் செய்தியாளரிடம் கூறினார். உலகம் திடுக்கிட்டது. டூபாய்ஸ் மேடைதோறும் சொல்லிவந்த அச்சம் கற்பனை அன்று என்பது அப்போது விளங்கியது.

தோல்வியோடு அவரை விட்டுவிட அரசு விரும்பவில்லை. 1951 பிப்ரவரி 9 அன்று, அயல்நாட்டு முகவராகப் பதிவு செய்யத் தவறிய குற்றம் அவர் மீதும் நிலையத்தைச் சேர்ந்த நால்வர் மீதும் சாட்டப்பட்டது. நிலையமோ முந்தைய அக்டோபரிலேயே கலைக்கப்பட்டுவிட்டது. ஐந்தாண்டுச் சிறையும் 10,000 டாலர் அபராதமும் விதிக்கத்தக்க குற்றம் அது. ஒரு வாரத்திற்குப் பின் வாஷிங்டன் நீதிமன்றத்தில் அம்முதியவரின் கைகளில் விலங்கு பூட்டப்பட்டது.

அவருடைய 83ஆம் பிறந்தநாள் விருந்துக்கு இடம் தந்திருந்த நியூயார்க் ஓட்டல் ஒன்று இறுதி வேளையில் மறுத்துவிட்டது. பேச இசைந்திருந்த பெரியோர் சிலரும் பின்வாங்கினர். விருந்து ஹார்லத்தில் வேறோர் இடத்தில் நடந்தது. படித்த செல்வந்தர் பலர் ஒதுங்கி நிற்க, தொழிலாளரும் எளிய மக்களுமே வழக்குச் செலவுக்குப் பொருள் திரட்டித் தந்தனர். தேர்தலில் தோற்ற மார்க்கண்டோனியோ ஊதியம் பெறாமல் வழக்காடினார். டூபாய்ஸின் நன்னடத்தைக்குச் சான்று கூறத் தாம் வருவதாக விஞ்ஞானி ஐன்ஸ்டீன் முன்வந்தார். அவர் வரத் தேவை ஏற்படவில்லை. அரசுத் தரப்புச் சாட்சியம் முடிந்ததுமே, குற்றத்துக்கு ஆதாரம் இல்லையென நவம்பர் 13 அன்று நீதிபதி அனைவரையும் விடுவித்தார்.

ஆயினும் 1952இல் அவருக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. அதனால் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடிய 1955 பாண்டுங் மாநாட்டுக்கும், 1957 கானா விடுதலை விழாவுக்கும் அவர் செல்ல முடியவில்லை. 1958இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்புக்குப் பின்னரே அவர் வெளிநாடு செல்ல இயன்றது. 1961இல் கானாவில் குடியேறி, 1963 ஆகஸ்ட் 27 அன்று அக்ராவில் காலமானார். மறுநாள், வாஷிங்டனில் சிவில் உரிமை கோரி இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்ட பேரணியில் அவர் மறைவு அறிவிக்கப்பட்டது.

குறையும் நிறையும்

வரலாறு எழுதுவோர் புகழ்மாலை மட்டும் சூட்டுதல் முறையன்று. தம் நாட்டின் அநீதியைக் கூர்ந்து கண்ட டூபாய்ஸின் கண்கள் சோவியத் நாட்டின் அநீதியைக் காணவில்லை. 1944இல் செச்னிய, கிரிமியத் தாத்தாரிய முஸ்லிம்களை ஒருவர் விடாது வேரோடு பிடுங்கி நாடுகடத்தியவர் ஸ்டாலின். அந்த ஸ்டாலின் 1953இல் இறந்தபோது டூபாய்ஸ் போற்றி எழுதினார். இதனை மறைத்துவிட்டு அவரைப் பேசுதல் நேர்மையாகாது.

மேலும், 1956ஆம் ஆண்டுத் தேர்தலில் தாம் வாக்களிக்கப் போவதில்லை என்று அவர் வெளிப்படையாக எழுதினார். இரு கட்சிகளும் ஒன்றே என்பது அவர் வாதம். தொழிற்கட்சியோ 1954இல் 50,000 வாக்கு என்னும் வரம்பைத் தாண்ட முடியாமல் வாக்குச்சீட்டில் தன் இடத்தை இழந்து, 1956இல் கலைந்தே போயிற்று. மூன்றாம் கட்சியின் வழி எத்துணை முள் நிறைந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அவ்வாறாயின் 1950இல் விழுந்த அந்த 2,06,000 வாக்குகள் வீணா? நாம் அவ்வாறு கருதவில்லை. வாக்களித்தல் என்பது ஒருவகைச் சாட்சியம் என்று ஆலிம்கள் பலர் விளக்கியுள்ளனர். சாட்சி சொல்பவன் வழக்கு வெல்லுமா என்று கணக்கிட்டுப் பேசுவதில்லை; தான் கண்டதைச் சொல்லுகின்றான். போர் முழக்கம் காதை அடைத்த நாளில், அணுகுண்டு வேண்டா என்று இரண்டு இலட்சம் பேர் பதிவேட்டில் ஏறத்தக்க முறையில் சொன்னார்கள். வேட்பாளர் ஒருவர் நிற்காதிருந்தால் அச்சாட்சியத்துக்கு இடமே இருந்திராது.

அதேவேளை, வெல்லக்கூடிய நல்லவருக்கு வாக்களித்தோர் அனைவரும் கோழைகள் எனல் பிழை. லேமனுக்கு வாக்களித்த ஹார்லம் குடும்பத்தலைவனும் தன் பிள்ளைகளின் நலனை எண்ணியே வாக்களித்தான். இரண்டுக்கும் அறத்தில் இடம் உண்டு. 1912இல் டூபாய்ஸ் செய்த பிழை வில்சனை ஆதரித்தது மட்டும் அன்று. வாக்குறுதியை நிறைவேற்ற வைக்கும் வலிமை தம் மக்களிடம் உண்டா என்று பாராமல் ஆதரித்ததே ஆகும். கேள்வி கேட்கும் குரல் ஒன்று வெளியே நின்றால்தான் உள்ளே இருக்கும் நல்லவரும் நல்லவராகவே நீடிப்பார்.

1966இல் எட்வர்டு புரூக் என்னும் கறுப்பினத்தவர் மக்கள் வாக்கால் செனட் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவரை அனுப்பிய மாநிலம், டூபாய்ஸ் பிறந்த மாசசூசெட்ஸ். அந்நாளைக் காண அம்முதியவர் உயிரோடு இல்லை. அதிகாரத்தின் முன் உண்மை உரைப்பதன் சிறப்பை நபிமொழி வழியாகக் கற்ற நாம், அதை உரைத்தவருக்கு அரியணை வாக்களிக்கப்படவில்லை என்பதையும் அறிவோம். அடுத்த தேர்தலில் நம் இல்லத்துப் பிள்ளைகள் அந்தப் பழைய வினாவைக் கேட்கும்போது, யார் வெல்வார் என்பதோடு, நாம் எதற்குச் சாட்சி சொல்லப் போகின்றோம் என்பதையும் அவர்களோடு அமர்ந்து எண்ணிப் பார்ப்போமாக.