கறவை மாடுகளுக்கு ஆன்டிபயாடிக் ஊசி: எப்படி வேலை செய்கிறது? பாலை எப்போது விற்கலாம்?

மாட்டுக்குக் காய்ச்சல் என்றதும் மருந்துக்கடையில் ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஊசி வாங்கிப் போட்டுவிடும் பழக்கம் பல இடங்களில் உள்ளது. அந்த மருந்து உடலுக்குள் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால், அதை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதும் உங்களுக்கு எளிதில் விளங்கும்.

செயல்படும் விதம்

பாக்டீரியா வளர்ந்து பெருகப் புரதம் தேவை. அதைத் தயாரிப்பது ரைபோசோம் என்ற நுண்ணிய அமைப்பு. மாட்டின் செல்லிலும் ரைபோசோம் உண்டு. ஆனால் அது 80எஸ் வகை, பாக்டீரியாவில் இருப்பது 70எஸ் வகை. இந்த வேறுபாட்டால்தான் மருந்து மாட்டைப் பெரிதும் பாதிக்காமல் கிருமியைத் தாக்குகிறது.

முக்கிய மருந்துகள்

* ஆக்ஸிடெட்ராசைக்ளின்: கிருமியின் வளர்ச்சியை நிறுத்தும்.
* டைலோசின்: இதுவும் பெரும்பாலும் வளர்ச்சியைத் தடுப்பதே.
* ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின்: கிருமியைக் கொல்லும். அளவு மீறினால் சிறுநீரகமும் காதும் பாதிக்கப்படும்.
* குளோராம்பெனிகால்: மனிதருக்குக் கடுமையான ரத்தசோகையை உண்டாக்கக் கூடியது. உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கு இதைக் கொடுக்க இந்தியாவில் தடை உள்ளது.

கவனிக்க வேண்டியவை

* டெட்ராசைக்ளின் வகை மருந்து கிருமியை முடக்கி வைக்கும். அதை அழித்து முடிப்பது மாட்டின் எதிர்ப்புச் சக்தி. எனவே காய்ச்சல் குறைந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தாதீர்கள். முடங்கிய கிருமி மீண்டும் பெருகும்.
* எடைக்குக் குறைவான அளவில் போட்டால் மருந்தைத் தாங்கும் கிருமிகள் மட்டும் தப்பிப் பெருகும். அடுத்த முறை அதே ஊசி வேலை செய்யாது.
* கன்றுகளுக்கு டெட்ராசைக்ளின் மருந்தைப் பாலுடன் கொடுக்க வேண்டாம். பாலில் உள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்வதால் உடலில் சேருவது குறையும்.
* வளர்ந்த மாடுகளுக்கு இதை வாய்வழியாகக் கொடுத்தால் செரிமானத்துக்கு உதவும் வயிற்று நுண்ணுயிர்கள் பாதிக்கப்பட்டு, மாடு தீவனம் எடுக்காமல் போகலாம்.
* கோமாரி, தோல் கழலை ஆகியவை வைரஸ் நோய்கள். வைரஸை இந்த மருந்துகள் அழிக்காது. புண்ணில் பாக்டீரியா சேர்ந்தால் மட்டுமே மருத்துவர் இவற்றைத் தருவார். தடுப்பூசியே பாதுகாப்பு.

பால், இறைச்சி விற்பனை

மருந்து ரத்தத்திலிருந்து பாலிலும் இறங்கும். காய்ச்சினாலும் முழுமையாக நீங்காது. அந்தப் பாலில் உறை ஊற்றினால் தயிர் சரியாகத் தோயாமல் போகலாம். தயிராக்கும் பாக்டீரியாவையும் மருந்து தடுப்பதே காரணம். நீங்கள் ஊற்றும் ஒரு மாட்டுப் பால், சங்கத்தின் மொத்தப் பாலோடு கலந்து குழந்தைகள் வரை போய்ச் சேருகிறது என்பதை மறக்க வேண்டாம்.

மருந்துப் புட்டியில் எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்று அச்சிட்டிருக்கும். அந்தக் கால அளவு ஆய்வில் உறுதி செய்யப்படாத மருந்துகளுக்கு, 2012-இல் சேர்க்கப்பட்ட விதிப்படி பால், முட்டைக்குக் குறைந்தது 7 நாள்கள், இறைச்சிக்கு 28 நாள்கள். கடைசி ஊசி போட்ட நாளிலிருந்து கணக்கிடுங்கள். மருந்தின் பெயர், தேதி, மாட்டின் காதுவில்லை எண் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

எந்த ஆன்டிபயாடிக் மருந்தையும் கால்நடை மருத்துவர் மாட்டைப் பார்த்த பிறகே போடவும். தமிழ்நாட்டில் அவசர உதவிக்கு 1962 என்ற எண்ணை அழைக்கலாம்.