தெவிட்டியது சந்தையா, கம்பியா?

உடன்குடி என்றதும் கருப்பட்டி நினைவுக்கு வரும். அதைக்கொண்டு ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். அரைக் குவளைத் தண்ணீரில் கருப்பட்டித் தூளைப் போட்டுக் கலக்கிக்கொண்டே வாருங்கள். ஒரு கட்டத்துக்கு மேல் தூள் கரையாமல் அடியில் தங்கிவிடும். இதுவே நீங்கள் பாடத்தில் படித்த தெவிட்டிய கரைசல். இனிக் குவளையைச் சூடாக்குங்கள். தங்கிய தூளும் கரைகிறது! 20 டிகிரி வெப்பத்தில் 100 மில்லிலிட்டர் நீரில் சுமார் 200 கிராம் சர்க்கரை கரையும். கொதிநிலையில் அதன் இரு மடங்குக்கும் மேல் கரையும். ஆகவே தெவிட்டுநிலை என்பது சர்க்கரையை மட்டும் பொறுத்ததன்று. நீரின் நிலையையும் பொறுத்தது.

வணிகரும் 'சந்தை தெவிட்டிவிட்டது' என்பர். வாங்கக்கூடியவர் அனைவரும் வாங்கிவிட்டனர் என்பது பொருள். நம் நாட்டு வீட்டு பிராட்பேண்டின் கதையில் இச்சொல்லைச் சோதித்துப் பார்ப்போம்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய வசதி 1995 ஆகஸ்டு 15-இல் வந்தது. அப்போது இணையத்தில் இருக்கும்வரை வீட்டுத் தொலைபேசியில் பேச முடியாது. 2004-இல் மைய அரசு பிராட்பேண்ட் கொள்கையை வெளியிட்டது. வினாடிக்கு 256 கிலோபிட் வேகம். 2010-க்குள் 2 கோடி இணைப்புகள் என்பது இலக்கு. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். நிறுவனம் சேவையைத் தொடங்கியது. நாட்டில் அப்போது ஏறத்தாழ 4 கோடி தரைவழித் தொலைபேசிகள் இருந்தன. பாதிப்பேர் சேர்ந்தாலே போதும் அல்லவா?

ஆனால் 2010 இறுதியில் சேர்ந்தவை சுமார் 1.1 கோடியே. 2018 இறுதியிலும் கம்பிவழி இணைப்புகள் 2 கோடியை எட்டவில்லை. சந்தை தெவிட்டிவிட்டதா?

காரணம் கம்பியில் இருந்தது. ஒரே செம்புக் கம்பியில் பேச்சு தாழ்ந்த அதிர்வெண்ணிலும் இணையத் தகவல் உயர்ந்த அதிர்வெண்ணிலும் செல்கின்றன. உயர்ந்த அதிர்வெண் விரைவில் நலியும். எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தாண்டினால் இணைப்புக் கிடைப்பதே அரிது. போதாக்குறைக்குச் செல்பேசி பரவியதும் பலர் தரைவழித் தொலைபேசியையே திருப்பிக் கொடுத்துவிட்டனர்.

2006-இல் தூத்துக்குடிக்கும் கொழும்பை அடுத்த கல்கிசைக்கும் இடையே கடலடி ஒளியிழைக் கம்பி இயங்கத் தொடங்கியது. 300 கிலோமீட்டருக்கு மேல் கடலைத் தாண்டிய தகவல், கரையில் கடைசி 5 கிலோமீட்டரில் செம்பிடம் சிக்கியது! எக்ஸ்சேஞ்சுக்கு எட்டாத சிற்றூர் மாணவர் தேர்வு விண்ணப்பம் அனுப்பப் பேருந்தேறி பிரௌசிங் சென்டருக்குப் போனார். சந்தாதாரர் பட்டியலிலோ அவர் இல்லை. பட்டியலை மட்டும் பார்ப்பவர், அவருக்கு இணையம் வேண்டாம் என்றே எண்ணுவார்.

பின்னர் நீர் சூடேறியது. 2016 செப்டம்பரில் ஜியோவின் வருகையால் செல்பேசித் தகவலின் விலை சரிந்தது. 2018 இறுதியில் செல்பேசியையும் சேர்த்து பிராட்பேண்ட் இணைப்புகள் 50 கோடியைத் தாண்டின. செம்புக்குப் பதில் ஒளியிழை வீடுவரை வந்தபின், தேங்கிக் கிடந்த கம்பிவழி இணைப்புகளும் 2024-இல் 4 கோடியைக் கடந்தன.

வாசகர்களே, நாளை உங்கள் ஊரைப் பற்றி, 'இங்கு இதற்குமேல் தேவை இல்லை' என்று எவரேனும் சொல்லக்கூடும். வேண்டியவர் இல்லையா, வழி இல்லையா என்று அவரைக் கேளுங்கள். உடன்குடிக் கருப்பட்டி கற்பித்த கேள்வி அது.