யாருடைய மலை? – அத்தியாயம் 6: எரிமலையே சாட்சி

சென்ற வாரம் ஜான் பிட்வில்லை நவுருஹோயி எரிமலையின் உச்சியில் விட்டுவிட்டு வந்தோம். நியூசிலாந்தின் வடக்குத் தீவு, ஆண்டு 1839. தலைவர் ஊரில் இல்லாத நேரம். மலையேறக் கூடாது என்று உள்ளூர் மக்கள் சொல்லியும் கேட்காமல் ஏறிவிட்டார் அந்தத் தாவர ஆர்வலர்.

ஊர் திரும்பிய தலைவர் மனனுயி தெ ஹேயுஹேயுவுக்குச் செய்தி எட்டியதும் கடுங்கோபம். பிட்வில் புகையிலையைக் காணிக்கையாக வைத்துத்தான் அவரைத் தணிக்க வேண்டியிருந்தது. ஆனால், அடுத்தவருக்கு அந்தச் சலுகையும் கிடைக்கவில்லை. 1841-இல் வந்த ஜெர்மானிய அறிவியலாளர் டீஃபன்பாக் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். அனுமதி இல்லை என்ற ஒரே பதிலோடு திரும்பினார்.

அப்படி என்ன இருக்கிறது அந்த மலைகளில்?

டோங்காரிரோ, நவுருஹோயி, ருவாபெஹு. இந்த மூன்றும் மனனுயியின் தூஃபரெதோவா குலத்தாருக்கு வெறும் கல்லும் பனியும் அல்ல, முன்னோர்கள். அடிவாரச் சமவெளியைக் கடக்கும் பயணிகள் சிகரங்களை நிமிர்ந்து பார்ப்பதே தகாது என்று, கண்ணை மறைக்கும்படி இலைதழைகளைத் தலையில் கட்டிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். 1846-இல் பெரும் நிலச்சரிவு ஒன்று மனனுயியை ஊரோடு சேர்த்து மூடியது. சில ஆண்டுகள் கழித்து அவர் எலும்புகளைச் சுமந்துகொண்டு டோங்காரிரோவின் எரிவாய்க்கே புறப்பட்டார்கள். பாதி வழியில் மலை உறுமியது. சுமந்தவர்கள் எலும்புகளை அங்கேயே வைத்துவிட்டு இறங்கினார்கள்.

ஆக, மலை தெய்வம் மட்டுமல்ல, தலைவரின் தந்தை உறங்கும் இடமும் ஆகிவிட்டது. அந்தத் தலைவர்தான் இந்த வார நாயகர், மனனுயியின் மகன் ஹொரொனுகு தெ ஹேயுஹேயு.

இன்று அதே மலைகளுக்கு உலகின் எந்த மூலையிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. தேசியப் பூங்காக்களில் பொதுமக்கள் தடையின்றி நுழையலாம் என்று 1980-ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி தருகிறது. எவரும் ஏறக் கூடாத மலை எல்லாரும் ஏறும் மலையானது எப்படி? அந்தத் திருப்பம் நடந்தது ஒரு நீதிமன்றத்தில்.

1886, தௌபோ. பூர்வகுடி நில நீதிமன்றம் கூடியிருக்கிறது. வழக்கில் இருப்பது 20 லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பு. மாவோரி மக்களின் நிலம் அதுவரை குலத்துக்குப் பொது. இன்னார் பங்கு இவ்வளவு என்ற கணக்கே இல்லை. அந்த நிலத்துக்குப் பெயர் வாரியாகப் பட்டா எழுதுவதே நீதிமன்றத்தின் வேலை. பட்டா வந்துவிட்டால் ஒவ்வொருவரும் தன் பங்கை விற்கலாம். நில அளவைச் செலவும் நீதிமன்றச் செலவும் குடும்பங்களைக் கடனில் தள்ளும், கடன் வந்தால் விற்றே ஆக வேண்டும். வழக்காடி ஜெயித்தவன் தோற்றான், தோற்றவன் செத்தான் என்று நம்மூரில் சொல்வது அங்கேயும் பொருந்தியது.

ஹொரொனுகுவுக்கு எதிராக உரிமை கோரி நின்றவர் வாங்கனுயி மக்களின் தலைவர் தெ கீப்பா. ஆங்கிலேயர் அவரை மேஜர் கெம்ப் என்பார்கள். இருவருக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1869-இல், இதே டோங்காரிரோவின் அடிவாரத்தில், தெ பொரெரே என்னும் இடத்தில் போர் மூண்டது. கிளர்ச்சித் தலைவர் தெ கூட்டியின் பக்கம் ஹொரொனுகு. அரசுப் படையின் பக்கம் தெ கீப்பா. தோற்ற ஹொரொனுகு அரசிடம் சரணடைந்தார். போர்க்களத்தில் எதிரெதிரே நின்றவர்கள் 17 ஆண்டுகள் கழித்து அதே மலைக்காக மல்லுக்கு நிற்கிறார்கள்.

மாவோரி வழக்கத்தில் ஒரு நிலம் யாருடையது என்பதற்கு அணையாத அடுப்பே அத்தாட்சி. தலைமுறை தலைமுறையாக எவன் தீ அங்கே எரிகிறதோ, அவனே உரியவன். அந்த மலையில் உன் தீ எங்கே எரிகிறது என்று ஹொரொனுகுவை மடக்கினாராம் தெ கீப்பா. ஹொரொனுகு எழுந்து, புகைந்துகொண்டிருந்த நவுருஹோயியைச் சுட்டிக் காட்டினாராம். முன்னோர் நாத்தொரோயிராங்கி மூட்டிய தீ அது. குளிரில் உறைந்த நிலையில் அவர் உச்சியிலிருந்து கூவ, மூதாதையர் தாயகமான ஹவாயிக்கியிலிருந்த சகோதரிகள் கடலடியிலும் பூமிக்கடியிலும் அனுப்பிவைத்த தீ என்பது குலத்தின் தொன்மம். எரிமலையையே சாட்சிக்கு அழைத்தவரை யார் குறுக்கு விசாரணை செய்வது?

வாதத்தில் வென்றாலும் ஹொரொனுகுவின் கவலை தீரவில்லை. இன்று பட்டா என் பெயரில், நாளை? பேரன்கள் காலத்தில் சிகரத்தைக் கூறு போட்டு விற்றால்? ஆட்டுப் பண்ணைக்காரர் ஒருவர் தந்தையின் கல்லறைக்கு வேலி போட்டால்?

யோசனை மருமகனிடமிருந்து வந்தது என்பார்கள். மருமகன் லாரன்ஸ் கிரேஸ், பாதிரியாரின் மகன், நாடாளுமன்ற உறுப்பினர். சிகரங்களைப் பேரரசியின் காப்பில், எக்காலத்திலும் விற்க முடியாத பொது இடமாக ஒப்படைத்துவிடுங்கள் என்று அவர் சொன்னதாகக் கிரேஸ் குடும்ப வழிக் கதை சொல்கிறது.

1887, செப்டம்பர் 23. பூர்வகுடி விவகார அமைச்சர் ஜான் பாலன்ஸுக்கு ஹொரொனுகு எழுதினார். மூன்று சிகரங்களைச் சுற்றி 6,508 ஏக்கர் அரசிடம் போயிற்று. பூர்வகுடித் தலைவர் ஒருவர் தந்த நிலத்தைக் கருவாகக் கொண்டு பிறந்த முதல் தேசியப் பூங்கா என்று இதை உலகம் இன்றும் புகழ்கிறது. ஆனால், அது கண்ணை மூடிக்கொண்டு செய்த தாரைவார்ப்பு அல்ல. மலைக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும், தந்தையின் எலும்புகளுக்கு உரிய கல்லறை எழுப்ப வேண்டும் என்று கேட்டிருந்தார். மாவோரி முறையில் கொடுத்தவனின் உறவு கொடுத்ததோடு அறுந்துபோவதில்லை. இருவரும் சேர்ந்து காப்போம் என்பதே அவர் எண்ணம். அரசோ பத்திரத்தை வாங்கி, மலை இனி தனக்கே சொந்தம் என்று எடுத்துக்கொண்டது. 2013-இல்தான், மாவோரி மக்களின் முறையீடுகளை விசாரிக்கும் வைத்தாங்கி தீர்ப்பாயம் அரசின் இந்தக் கணக்கைத் தவறென்று சொன்னது. அதற்கு இன்னும் பல அத்தியாயங்கள் இருக்கின்றன.

1888-இல் ஹொரொனுகு இறந்தார். பூங்காவை அவர் பார்க்கவில்லை. 1894-இல்தான் டோங்காரிரோ தேசியப் பூங்காச் சட்டம் நிறைவேறியது. தந்தையின் இடத்தில் இப்போது மகன் துரெயிதி. பூங்காவின் அறங்காவலர்களில் ஒருவராகத் தெ ஹேயுஹேயுவின் பெயரும் சட்டத்தில் இருந்தது. எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது, எல்லைக்கோட்டைப் பார்க்கும்வரை.

ஹொரொனுகு கொடுத்தது 6,508 ஏக்கர். சட்டம் வரைந்த பூங்காவோ 60,000 ஏக்கருக்கும் மேல்!

மீதி நிலம் யாருடையது? அவர்களிடம் யாராவது கேட்டார்களா? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)