மட்டை இல்லாத கை

ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கையில் வந்து குடியேறினார். ராக்கெட்டும் விண்வெளியும் எழுதிப் பேர் வாங்கியிருந்த மனிதரை இங்கே இழுத்து வந்தது கடல். கூட்டாளி மைக் வில்சனுடன் திருகோணமலையில், சுவாமி மலையின் செங்குத்துப் பாறைக்குக் கீழே சுழியோடினார். போர்த்துக்கேயர் 1620களில் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் கடலடியில் கிடந்தன. அப்போது துறைமுகம் இன்னும் பிரித்தானியக் கடற்படையின் கையில்தான் இருந்தது. அவர்கள் தளத்தை ஒப்படைத்தது அடுத்த வருடம், 1957இல். புதிதாகக் கட்டிய கோயிலுக்கு 1963இல் கும்பாபிஷேகம் நடந்தது.

திருமலையைப் பற்றி எழுதுகிறவர்கள் கிளார்க்கின் கதையை இந்த இடத்தில் முடித்துவிடுவார்கள். ஆனால் அவர் இங்கே சுழியோடிய அதே 1956இல் அவருடைய 'தி சிட்டி அண்ட் த ஸ்டார்ஸ்' நாவலும் வெளிவந்தது. நாவலின் தொடக்கத்தில் சில இளைஞர்கள் மலைக் குகை ஒன்றுக்குள் ஆபத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பிறகுதான் தெரிகிறது, அது ஒரு விளையாட்டு. தாங்களே உள்ளே இருப்பதாக உணரும்படி அந்த நகரத்தின் இயந்திரங்கள் அதைக் காட்டுகின்றன. கதாநாயகன் அல்வின், மலையை விட்டு வெளியே போய்ப் பார்க்கலாம் என்கிறான். அப்படியொரு வழியை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆட்டம் கலைந்துபோகிறது, நண்பர்கள் எரிச்சலடைகிறார்கள். உடம்போடு ஆட்டத்துக்குள் நுழையலாம் என்ற ஆசையும், எழுதி வைத்ததைத் தாண்டி அந்த ஆட்டம் அசையாது என்ற குறையும் ஒரே காட்சியில் வந்துவிட்டன. வீடுகளில் தொலைக்காட்சி விளையாட்டு என்ற ஒன்றே இல்லாத காலம் அது.

நிஜத்தில் வந்த விளையாட்டுகள் விரலளவில்தான் தொடங்கின. 1972இல் அட்டாரியின் 'பொங்' வந்தபோது திருக ஒரு குமிழ் இருந்தது. பிறகு நின்டென்டோ கொண்டுவந்த சிலுவை வடிவப் பொத்தான் கட்டைவிரலுக்கு வேலை கொடுத்தது. முழுக் கையையும் கேட்ட முதல் சாதனங்களில் ஒன்று, 1984இல் வந்த 'டக் ஹன்ட்' வாத்து வேட்டைக்கான துப்பாக்கி. அதன் சூட்சுமம் அழகானது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்துப்போகும். வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம் மின்னும். துப்பாக்கியின் குழாய்க்குள் இருந்த ஒளியுணரி அந்த வெள்ளையைக் கண்டால் வாத்து விழுந்தது. துப்பாக்கி எதையும் சுடவில்லை, தொலைக்காட்சியைப் பார்த்தது, அவ்வளவுதான். பழைய குழாய்த் தொலைக்காட்சிகள் போனதோடு அந்தத் துப்பாக்கியும் குருடாகிவிட்டது.

1989இல் மட்டெல் நிறுவனம் 'பவர் குளோவ்' என்ற கையுறையை விற்றது. ஜாரன் லனியரின் வி.பி.எல். நிறுவனம் ஆய்வுகூடங்களுக்குச் செய்துகொடுத்த விலையுயர்ந்த கையுறையின் மலிவு வாரிசு அது. கையுறையிலிருந்து காதுக்குக் கேட்காத ஒலி கிளம்பும்; தொலைக்காட்சியைச் சுற்றி மாட்டிய உணரிகள் அதைப் பிடித்துக் கை எங்கே இருக்கிறது என்று கணக்கிடும். விளம்பரத்தில் அற்புதம். வீட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்குக் கை வலித்ததுதான் மிச்சம். அதற்கென்றே வந்த ஆட்டங்கள் இரண்டே இரண்டு. அடுத்த வருடமே கடையை மூடினார்கள்.

இந்தத் தோல்வி தெரிந்திருந்தும் நின்டென்டோ மறுபடியும் அதே கிணற்றில் இறங்கியது. 2005 செப்டெம்பரில் டோக்கியோ விளையாட்டுக் கண்காட்சியில், நிறுவனத்தின் தலைவர் சடோரு இவாடா ஒரு ரிமோட்டைத் தூக்கிக் காட்டினார். கூடவே ஒரு சிறு படம். அதில் ஆட்டம் எதுவும் தெரியாது, ஆடுகிறவர்கள் மட்டும் தெரிவார்கள். ஒருவர் தூண்டில் போடுகிறார், இன்னொருவர் பல் வைத்தியம் பார்க்கிறார், வேறொருவர் வாள் வீசுகிறார். தாத்தா பாட்டிக்கும் இடமிருந்தது. வாக்குறுதி என்று ஒன்று இருந்தால் அது இந்தப் படம்தான். இதன்பிறகு பதினைந்து வருடம் நடந்த வாதமெல்லாம் இந்தப் படத்தோடு நடந்த வாதம் என்று சொல்லலாம்.

அந்த ரிமோட்டோடு 'வீ' கன்சோல் 2006 நவம்பர் 19இல் அமெரிக்காவில் 249.99 டொலருக்கு வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால் வந்த சோனியின் பிளேஸ்டேஷன் 3 இன் விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு, அல்லது அதற்கும் மேல். திருகோணமலை மாவட்டத்தில் அந்த வருடம் இதைப் பற்றி வாதாட யாருக்கும் நேரமில்லை. உள்நாட்டுப் போரில், மாவிலாற்று மதகில் தொடங்கிய சண்டை ஆகஸ்டில் மூதூருக்கு வந்தது. மூதூர்ச் சனம் கந்தளாய்க்கு ஓடியது. செப்டெம்பரில் சம்பூர் காலியானது.

ரிமோட்டின் உள்ளே இருந்தது ஒரு சிலிக்கன் சில்லு. கார் விபத்தில் காற்றுப்பையை விரியச் செய்யும் சில்லுகளின் இனம்தான். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு நிறை அதற்குள் தொங்குகிறது. கை வேகம் பிடித்தால் நிறை கொஞ்சம் பின்தங்கும். எவ்வளவு பின்தங்கியது என்பதை மின்சாரம் அளந்து சொல்லும். பூமியும் அதே நிறையை இழுத்துக்கொண்டிருப்பதால், கை சாய்ந்ததா வீசியதா என்று அந்தச் சில்லால் சரியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. தொலைக்காட்சிக்கு மேல் வைக்கும் 'சென்சர் பார்' என்ற பட்டை இன்னும் வேடிக்கை. பெயரில் இருக்கும் சென்சர் உள்ளே இல்லை. இரண்டு முனைகளிலும் அகச்சிவப்பு விளக்குகள் உண்டு. அவற்றைப் பார்க்கும் கண் இருப்பது ரிமோட்டில். பட்டையைக் கழற்றிவிட்டு இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தாலும் திரையில் குறி நகரும்.

வாதம் இங்கேதான் கிளம்பியது. 'வீ ஸ்போர்ட்ஸ்' டென்னிஸில் முதல் நாள் எல்லோரும் எழுந்து நின்று தோளிலிருந்து வீசினார்கள். ரிமோட் கைநழுவிப் பறந்தது. அந்த டிசம்பரிலேயே முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மணிக்கட்டு வார்களை நின்டென்டோ மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தது. சில நாளில், சாய்மனையில் உட்கார்ந்தபடி மணிக்கட்டைச் சுண்டினாலும் பந்து அதே வேகத்தில் போகிறது என்று சனம் கண்டுபிடித்துவிட்டது. வாள் ஆட்டத்துக்காகக் காத்திருந்தவர்களுக்கு 'ரெட் ஸ்டீல்' பெரிய ஏமாற்றம். கை ஒரு திசையில் போக, வாள் தனக்குத் தெரிந்த சில வீச்சுகளில் ஒன்றை எடுத்து வீசியது. அல்வினுக்கு வந்த பிரச்சினை அப்படியே. உடம்புக்கு நல்லது என்ற பேச்சையும் லிவர்பூல் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். 2007 டிசம்பரில் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்த அவர்களுடைய முடிவு, பொத்தான் ஆட்டத்தைவிட இதில் சக்தி கூடுதலாகச் செலவாகிறது, மெய்யான விளையாட்டுக்கு இது ஈடில்லை என்பது.

குறை துல்லியத்தில் என்றுதான் அப்போது பலரும் நினைத்தார்கள். நின்டென்டோவும் அப்படித்தான் நினைத்தது. 2009இல் கைரோ உணரி கொண்ட 'மோஷன் பிளஸ்' துண்டை ரிமோட்டின் அடியில் மாட்டக் கொடுத்தது. வாள் உண்மையிலேயே கையோடு திரும்பியது. ஆனாலும் திருப்தி வரவில்லை. ஏன் என்பதைத் திருமலைத் துறைமுகக் கரையில் கைத்தூண்டில் போடுகிறவரிடம் கேட்டால் சட்டென்று புரியும். நூலை ஆட்காட்டி விரலில் தாங்கியிருப்பார். சின்ன மீன் கொறித்தால் விரலில் பொடிப்பொடியாகத் தட்டும். பெரியது கவ்வினால் ஒரே இழுப்பு. கல்லில் மாட்டினால் செத்த பாரம். கண் எங்கோ பார்த்திருக்க, விரல் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளும். தூண்டில் என்பது கடலிலிருந்து கைக்கு வரும் செய்தி. ரிமோட்டில் செய்தி ஒரு பக்கம்தான் போனது. திரும்பி வந்தது ஒரு சின்ன அதிர்வும், உள்ளங்கைக்குள் ஒலித்த கீச்சுச் சத்தமும்.

கிளார்க்கின் உடம்பும் இந்த வாதத்தில் ஒரு சாட்சி. 1962இல் வந்த வாத நோயால் அவர் கொஞ்சக் காலம் கைகால் அசையாமல் கிடந்தார். பின்னாளில் சக்கர நாற்காலி. கடலுக்குள் மட்டும் பாரமில்லாமல் திரிய முடிந்தது என்பார். கரையில் அவருக்குப் பிடித்தது மேசைப்பந்து. கொழும்பில் ஒட்டர்ஸ் கழகத்துக்குப் போய், மேசையில் சாய்ந்து நின்றபடியே ஆடுவார். ஆடுகிறவருக்கு மேசை ஒரு தாங்கல். மட்டையில் பந்து படும் அதிர்ச்சி ஒரு தகவல். 'வீ'யின் மேசைப்பந்தில் இரண்டும் கிடையாது. 2008 மார்ச்சில் அவர் காலமானார்.

இதையெல்லாம் சொன்னபிறகும் 'வீ' தோற்றது என்று எழுத முடியாது. பத்து கோடிக்கு மேல் விற்றது. அமெரிக்க முதியோர் இல்லங்களில் பௌலிங் போட்டிகள் வைத்தார்கள். கன்ட்ரோலரின் பத்துப் பொத்தான்களைப் பார்த்தே பின்வாங்கிய அம்மம்மாக்கள் கையை வீசினால் போதும் என்றதும் முன்வந்தார்கள். இவாடாவின் படத்தில் தாத்தா பாட்டி பற்றிய பாதி நிறைவேறியது, வாள் பற்றிய பாதி நிறைவேறவில்லை. முதல் பாதிதான் பெரிது என்றே தோன்றுகிறது. விளையாட்டு இதழ்கள் அன்று அளந்ததோ இரண்டாவதை.

மைக்ரோசொப்ட் ரிமோட்டையே எடுத்துவிட்டது. 2010 நவம்பரில் வந்த 'கினெக்ட்', அறை முழுவதும் அகச்சிவப்புப் புள்ளிகளைத் தெளித்து, அவை விழும் விதத்திலிருந்து ஆளின் தூரத்தைக் கணக்கிட்டது. இரண்டு மாதத்தில் எண்பது லட்சம் விற்றது. ஆனால் நிற்க இடம் வேண்டும், ஆறடிக்குக் குறையாமல். அசைவுக்கும் திரைக்கும் நடுவே ஒரு தாமதம். கையில் பிடிக்க எதுவுமே இல்லை. 2013இல் எக்ஸ்பொக்ஸ் வன் கன்சோலோடு கட்டாயமாகச் சேர்த்து விற்றார்கள், மறு வருடம் பிரித்தார்கள், 2017இல் உற்பத்தியையே நிறுத்தினார்கள். விளையாட்டுக்காரர்கள் கைவிட்ட பெட்டியை ரோபோ ஆய்வாளர்கள் கொண்டாடினார்கள். ஆழம் அளக்கும் கமரா அந்த விலைக்கு அவர்களுக்கு அதுவரை கிடைத்ததில்லை.

அதே 2017இல் நின்டென்டோ 'ஸ்விட்ச்' வந்தது. அதன் கன்ட்ரோலரில் பொத்தான்கள் எல்லாம் திரும்பி வந்தன, கைரோவும் உள்ளே இருந்தது. 'ஸ்பிளட்டூன் 2' ஆடுகிறவர் பெரிய திருப்பத்துக்குக் கட்டைவிரலால் குச்சியைத் தள்ளுகிறார். குறியைக் கடைசியாகச் சரிசெய்ய மணிக்கட்டைச் சில பாகை சாய்க்கிறார். பொத்தானை ஒழிக்க வந்த அசைவு பொத்தானுக்குப் பக்கத்தில் உதவியாளாக நிற்கிறது. வேண்டாதவர்கள் அமைப்புக்குள் போய் அதை அணைத்துவிடலாம். அணைப்பதா வைத்திருப்பதா என்பதில் ஆட்டக்காரர்கள் இன்னமும் இரண்டு கட்சி.